முன்னால் நின்றே மாதிரியைத் தொடரலாம்: மெத்தைத் தையலில் கேமரா

மளிகைக் கடைக்காரருக்கும் தையல் இயந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. கடை வருமானத்தோடு வீட்டுத் தையல் வருமானமும் சேர்ந்தே ஓடும் குடும்பங்கள் நம்மிடையே பல. துணிக்கடையும் படுக்கை விரிப்புக் கடையும் நடத்துவோரும் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். "பெரிய இயந்திரம் ஒன்று வாங்கலாமா? அதற்காகக் கடன் எடுக்கலாமா?" என்ற பேச்சு வீட்டில் எழும்போது விவரம் தெரிந்திருப்பது நல்லதல்லவா? ஆகவே, நம்மில் பலர் நேரில் பார்த்திராத ஓர் இயந்திரத்தைப் பற்றியும், அதில் ஒரு சிறு கேமரா செய்யும் பெரிய உதவியைப் பற்றியும் இங்கே பார்ப்போம்.

நீண்ட கை இயந்திரம்

மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு. இந்த மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் குவில்டிங். வடநாட்டு ரஜாய், வங்காளத்துக் காந்தா, பழஞ்சேலைகளை அடுக்கிக் குழந்தைக்குத் தைக்கும் விரிப்பு எல்லாம் இதன் உறவுகளே.

சாதாரணத் தையல் இயந்திரத்தில் ஊசி ஓரிடத்தில் நிற்கும். துணியை நாம் தள்ள வேண்டும். கட்டில் அளவு விரிப்பை அப்படித் தள்ளினால் பஞ்சு நகரும், அடித்துணி சுருங்கும். 'லாங் ஆர்ம்' என்னும் நீண்ட கை இயந்திரத்தில் இது தலைகீழ். சுமார் 10 முதல் 12 அடி நீளமுள்ள சட்டத்தில், உருளைகளுக்கு இடையே துணி இழுத்துக் கட்டப்பட்டு அசையாமல் இருக்கும். இயந்திரமே தண்டவாளத்தில் நான்கு திசையிலும் ஓடும். சிலேட்டை அசைக்காமல் பலப்பத்தை அசைத்து எழுதுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் எங்கே?

இயந்திரத்தின் முன்பக்கத்தில் ஒரு பிடி, பின்பக்கத்தில் ஒரு பிடி. முன்னால் நின்றால் ஊசி கண்ணுக்கு நேரே இருக்கும். கைப்போக்கில் பூவும் கொடியும் போடலாம். ஆனால் ஒரே கொடி விரிப்பு முழுவதும் பிசகாமல் வர வேண்டுமானால் வரைந்த மாதிரித் தாள் வேண்டும். அந்தத் தாளைப் பின்பக்க மேசையில் விரிப்பார்கள். இயந்திரத்தில் பொருத்திய லேசர் விளக்கின் புள்ளி தாளின்மேல் விழும். பின்னால் நிற்பவர் புள்ளியைக் கோட்டின்மேல் நகர்த்த, முன்னால் ஊசி அதே கோட்டைத் துணியில் தைத்துக்கொண்டு போகும்.

இதில் கண் ஓரிடம், வேலை வேறிடம். மேல்நூல் அறுந்தாலும், அடிநூல் தீர்ந்தாலும், துணி மடிந்தாலும் பின்னால் நிற்பவருக்கு உடனே தெரியாது. வரிசை முடித்துச் சுற்றி வந்து பார்த்தால் ஊசித் துளைகள் மட்டும் இருக்கும், நூல் இராது. விட்ட இடத்தைத் தேடிப் பிடித்துத் தைக்க வேண்டும். மடிப்போடு தைத்துவிட்டாலோ பிரிக்க வேண்டும். தைத்த நேரத்தைவிடப் பிரிக்கும் நேரம் அதிகம். கூலி வேலைக்காரருக்கு இது நேர நஷ்டம். சொன்ன தேதிக்குச் சரக்கு தர முடியாத வியாபாரிக்கு வாக்கு நஷ்டம்.

நாகர்கோவில் லேஸ் தரும் பாடம்

இந்தச் சிக்கல் இல்லாத ஒரு கைத்தொழில் நம் ஊரிலேயே வேரூன்றியிருந்தது. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தனர். மார்த்தா அம்மையார் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதோடு லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். பின்னிய லேஸ் விலைக்குப் போனது. அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் அந்தப் பணத்தைக் கொண்டே தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855இல்தான் என்பதை நினைத்தால், அந்தக் கைத்தொழிலின் மதிப்பு விளங்கும்.

அந்த லேஸில் திண்டின்மேல் துளையிட்ட மாதிரி அட்டை இருக்கும். அதன்மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் பின்னுவார்கள். மாதிரியும் வேலையும் ஒரே பார்வையில் இருக்கும். பிசகு நேர்ந்த கணமே கண்ணில் படும். பெரிய இயந்திரம் பிரித்துவைத்த இந்த இரண்டையும் மீண்டும் சேர்ப்பதுதான் கேமராவின் வேலை.

கேமரா பொருத்தும் முறை

இயந்திரத்தின் பின்புறம், லேசர் இருக்கும் இடத்தில், தாளை நேர் கீழாகப் பார்க்கும்படி ஒரு சிறு கேமராவைப் பொருத்த வேண்டும். முன்பிடிக்கு அருகே ஒரு சிறு திரை. திரையின் நடுவில் கூட்டல் குறி ஒன்று. முன்னால் நின்று அந்தக் குறி கோட்டைவிட்டு விலகாமல் இயந்திரத்தை நகர்த்தினால் போதும். கண்ணைச் சற்றுத் தாழ்த்தினால் ஊசியும் தெரியும்.

கவனிக்க வேண்டியவை சில:

1. இயந்திரத்தை வலப்புறம் நகர்த்தினால் குறியும் கோட்டின்மேல் வலப்புறமே போக வேண்டும். படம் தலைகீழாகவோ கண்ணாடியில் தெரிவது போல் இடம் வலமாகவோ இருந்தால் கை தடுமாறும்.

2. கம்பியில்லாக் கேமராவில் படம் ஒரு நொடிப்பொழுது பிந்தி வரக்கூடும். அதற்குள் ஊசி கோட்டைத் தாண்டியிருக்கும். ஆகவே கம்பி இணைப்பே உத்தமம். கம்பி இயந்திரத்தை இழுக்காதபடி தளர்வாக இருக்கட்டும்.

3. படத்தை மிகப் பெரிதாக்கக் கூடாது. வரப்போகும் வளைவும் திரையில் தெரிந்தால்தான் கை சீராக ஓடும்.

4. கேமரா ஆடக் கூடாது. தாளின்மேல் நிழல் விழாத வெளிச்சம் வேண்டும்.

வரவு செலவு

கணினியே இயந்திரத்தை ஓட்டி மாதிரியைத் தைக்கும் ஏற்பாடும் உண்டு. அதன் விலை கேமரா, திரை இரண்டின் விலையைப் போல் பல மடங்கு. கேமரா அந்த வேலையைச் செய்யாது. கோட்டைத் தொடர மனிதக் கை வேண்டும், பழக்கமும் வேண்டும். ஒரு தடவையில் தைக்கும் வரிசையின் அகலமும் இதனால் கூடிவிடாது. அது இயந்திரக் கையின் நீளத்தைப் பொறுத்தது. ஆனால் கையில் இருக்கும் இயந்திரத்தில் பிரிப்பு வேலை குறையுமானால் அதுவே லாபம்.

நம்முடைய யோசனை இதுதான். முதலில் ஆர்டர் இருக்கிறதா என்று பாருங்கள். நம் சீதோஷ்ணத்துக்குக் கனத்த போர்வை அதிகம் போகாது. மெல்லிய விரிப்பு, குழந்தை மெத்தை, பை போன்றவற்றுக்கே வழி உண்டு. இயந்திரம் வாங்குமுன் உங்கள் துணியைக் கொண்டுபோய்த் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். உதிரிபாகமும் பழுது பார்க்கும் ஆளும் எங்கே கிடைப்பார்கள் என்று கேளுங்கள். கேமராவில் தீரும் குறைக்குக் கணினி வாங்கிக் கடன்படாதீர்கள்.

மளிகைக் கடையிலும் இதே நியாயம்தான். இரு பக்கமும் எண் தெரியும் தராசில் நிறுப்பவரும் வாங்குபவரும் ஒரே எடையைப் பார்க்கிறார்கள், சண்டைக்கு இடமில்லை. கல்லாவில் இருந்தபடியே பின்கட்டு கிடங்கில் மூட்டை இறங்குவதைத் திரையில் எண்ண முடிந்தால், பிறகு ரசீதோடு மல்லாட வேண்டியதில்லை. பிசகு நடந்த பிறகு தேடுவதைவிட, நடக்கும்போதே கண்ணில் படும்படி வேலையை அமைத்துக்கொள்வது எந்தத் தொழிலுக்கும் நன்மை தரும்.