ஆன்லைன் கேம்: உங்கள் வீரன் எங்கே குடியிருக்கிறான்?

போன மாதம் எங்கள் மாடி வீட்டுக்காரர் ரிச்சி தெருவுக்குப் போய், பத்தாம் வகுப்பு முடித்த மகனுக்காக ஒரு புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். வாங்கிய மூன்றாம் நாளே என் வீட்டுக் கதவைத் தட்டினார். "சார், பையன் ஏதோ ஆன்லைன் கேம் போடணும்கறான். ஓடின், தோர்னு சாமி பேரெல்லாம் சொல்றான். பணம் வச்சு ஆடறதா? வைரஸ் வருமா? புது கம்ப்யூட்டர் சார், பயமா இருக்கு."

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய எல்லாருக்கும் இந்தச் சந்தேகங்கள் வருவது இயற்கைதான். நானும் ஒரு காலத்தில் அந்த ஓடின், தோர் உலகத்தில் இரவு பகலாகக் குடியிருந்தவன். அங்கே பட்டு அனுபவித்ததும் உண்டு. எனவே அவருக்குச் சொன்னதையே இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

பணம் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், ரம்மி, போக்கர் போலப் பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்று ஆடும் ஆட்டங்களைத்தான் தடை செய்கிறது. நாம் பேசப் போகும் கேம்கள் அந்த ரகம் அல்ல. இதில் பணம் செலவாகலாம். ஆனால் சூதாட்டத்தில் போவது போலப் போகாது. கேமை விலைக்கு வாங்குவது, மாதக் கட்டணம், அல்லது உள்ளே விற்கும் சட்டை, தொப்பிக்குக் காசு என்று ஏதாவது ஒரு வழியில் போகும். கார்டு நம்பரை மட்டும் பையனின் அக்கவுண்டில் பதிந்து வைக்காதீர்கள்.

வேஷம் கட்டும் ஆட்டம்

கார் ரேஸ் கேமில் நீங்கள் எத்தனை நாள் ஆடினாலும் அதே டிரைவர்தான். ரோல் பிளேயிங் கேம் என்பது வேறு. நீங்கள் ஒரு வேஷம் எடுத்துக்கொள்கிறீர்கள். வில்லாளி, மந்திரவாதி, வைத்தியம் பார்க்கும் பூசாரி என்று எதுவாகவும் இருக்கலாம். அந்த ஆள் முதல் நாள் கையில் சிறு கத்தியோடு நிற்பான். ஒவ்வொரு மிருகத்தை அடிக்கும்போதும் அனுபவப் புள்ளிகள் சேரும். புள்ளிகள் சேரச் சேர லெவல் ஏறும். லெவல் ஏறினால் புதுத் திறமைகள் கிடைக்கும். மாதக்கணக்கில் வளர்த்த அந்த ஆளைத் தன் சொந்தப் பிள்ளை போலவே நினைக்கத் தொடங்கிவிடுவீர்கள். இந்த ரகக் கேம்களின் கவர்ச்சியும் ஆபத்தும் இதில்தான் இருக்கிறது.

நான் ஆடியது ராக்னராக் ஆன்லைன். கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002-ல் வெளியிட்டது. லீ மியுங்-ஜின் என்பவர் வரைந்த படக்கதையை வைத்து உருவானது. அந்தப் படக்கதைக்கோ ஆதாரம், ஐரோப்பாவின் வடகோடியில் நார்வே, ஐஸ்லாந்து பக்கத்து மக்களின் பழைய புராணம். 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டர்லூசன் என்பவர் அந்தக் கதைகளைத் தொகுத்து எழுதி வைத்திருக்காவிட்டால் பாதிக் கதை நமக்குக் கிடைத்திருக்காது.

கதை கேட்டால் நமக்கு அவ்வளவு அந்நியமாக இருக்காது. இடி முழக்கும் தோருக்கு நம் இந்திரன் சாயல். யிமிர் என்ற அரக்கனின் உடலிலிருந்து பூமி, கடல், வானம் எல்லாம் உண்டானதாம். நம் புருஷ சூக்தம் தெரிந்தவர்கள் தலையாட்டுவார்கள். போரில் மாண்ட வீரர்களை வால்கிரி என்ற தேவமகளிர் வல்ஹல்லா என்னும் வீர சொர்க்கத்துக்கு அழைத்துப் போவார்கள். ஒன்பது உலகங்களையும் தாங்கி நிற்பது இக்ட்ரசில் என்ற ஒரே மரம். கடைசியில் தேவர்களே அழியும் ஊழிக்காலத்தின் பெயர்தான் ராக்னராக். ஆங்கிலத்தில் வியாழக்கிழமைக்குப் பெயர் வந்ததும் இந்தத் தோரிடமிருந்துதான் என்று சொன்னபோது மாடி வீட்டுக்காரரின் முகம் சற்றுத் தெளிந்தது.

இந்தப் புராணத்தைக் கேமில் புகுத்தியிருந்த விதம் அழகு. இறந்து கிடக்கும் நண்பனை எழுப்ப இக்ட்ரசில் இலை வேண்டும். செத்தவர்களின் ஊரான நிஃபில்ஹெய்முக்கே நடந்து போகலாம். 99-ஆம் லெவலைத் தொட்டவர்கள் யிமிரின் புத்தகத்தைப் படித்து, வல்ஹல்லா சென்று, வால்கிரியிடம் பேசினால் மறுபிறவி! மறுபடி ஒன்றாம் லெவலிலிருந்து, ஆனால் முன்னைவிட வலிமையான பிறவியாக. (பிறவி வேண்டாம் என்று பாடிய ஊரில் பிறந்துவிட்டு, மறுபிறவிக்காக ராத்திரி முழுக்க விழித்திருந்தோம்.)

பிரான்டெரா என்னும் பாண்டி பஜார்

அது ஆன்லைன் கேம் என்பதால் அந்த உலகத்தில் நீங்கள் தனியாக இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் அதே நேரத்தில் அங்கே நடமாடுவார்கள். பிரான்டெரா என்ற தலைநகரின் கடைத்தெருவுக்குப் போனால், வியாபாரி வேஷம் எடுத்தவர்கள் இரு பக்கமும் தரையில் உட்கார்ந்து, தலைக்கு மேல் பெயர்ப் பலகை மாட்டிக் கடை விரித்திருப்பார்கள். 2013-க்கு முன்னால் தி.நகர் பாண்டி பஜாரின் நடைபாதைக் கடைகளைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே விவரிக்கத் தேவையில்லை. பேரம் கூட அதே மாதிரிதான்.

அங்கே விலை மதிப்பு மிக்க பொருள் கார்டு. மிருகத்தை அடித்தால் எப்போதாவது அதன் படம் போட்ட கார்டு விழும். அசல் அமைப்பில் பெரும்பாலான கார்டுகளுக்கு வாய்ப்பு 0.01 சதவீதம், அதாவது பத்தாயிரத்தில் ஒன்று. அப்படியானால் பத்தாயிரம் மிருகத்தை அடித்தால் நிச்சயம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். கணக்குப் போட்டால் பத்தாயிரம் அடித்த பிறகும் கிடைத்திருக்க 63 சதவீத வாய்ப்புதான். மீதி 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். நானும் அந்த 37-ல் ஒருவன்.

கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். கேமை இன்ஸ்டால் செய்யும்போது உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் வந்து இறங்குவது கிளையன்ட் என்ற புரோகிராம். படங்கள், ஒலிகள், வரைபடங்கள் எல்லாம் அதில் இருக்கும். ராக்னராக்கில் இவை டேட்டா.ஜி.ஆர்.எப். என்ற ஒரே பெரிய பைலுக்குள் அடைக்கப்பட்டிருந்தன. ஆனால் உங்கள் வீரனின் லெவல், காசு, கத்தி, கார்டு எதுவும் அங்கே கிடையாது. அவை நடத்துகிற நிறுவனத்தின் சர்வர் என்ற பெரிய கம்ப்யூட்டரில் இருக்கின்றன.

பாங்க் பாஸ்புக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பாஸ்புக் கிழிந்தால் பணம் போய்விடுமா? போகாது. பேரேடு பாங்க்கில் இருக்கிறது. அதே போல உங்கள் கம்ப்யூட்டரை பார்மட் செய்தாலும் வீரனுக்கு ஒன்றும் ஆகாது. வேறு கம்ப்யூட்டரில் கிளையன்ட்டைப் போட்டு, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் விட்ட இடத்திலேயே நிற்பான்.

நீங்கள் "அடி" என்று கிளிக் செய்தால் அந்தச் செய்தி சர்வருக்குப் போய், சர்வர் கணக்குப் பார்த்து, "அடி விழுந்தது" என்று பதில் அனுப்ப வேண்டும். போய் வரும் இந்த நேரத்துக்குப் பெயர் பிங். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 2002-ல் போட்ட சென்னை-சிங்கப்பூர் ஐ2ஐ கடலடி கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். ஆக, சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் போய்வர 32 மில்லி செகண்டு. இதைவிட வேகமாக எந்த பிராட்பேண்டும் கொண்டு போக முடியாது. வழியில் ரூட்டர்கள், நெரிசல் எல்லாம் சேர்ந்து அது கூடும். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ரங்கநாதன் தெருவில் நுழைந்தவர் வெளியே வருவது போலத்தான். அதிக எம்.பி.பி.எஸ். வாங்கினால் பிங் தானாகக் குறைந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். வேகம் வேறு, தூரம் வேறு.

கபாலி பறிபோன கதை

பிலிப்பைன்ஸில் ராக்னராக்கை நடத்தி வந்த லெவல் அப் நிறுவனம் 2000-களின் நடுவில் இந்தியாவிலும் சர்வர் வைத்தது. 2005-ல் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் வந்திருந்த காலம். 256 கே.பி.பி.எஸ்., அதுவே பெரிய வேகம்! ஒரு திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில்லாமல் பயன்படுத்தலாம் என்பதால் அலாரம் வைத்து எழுந்தவர்கள் அநேகம். என் வீட்டில் அந்த வசதி கிடையாது. வேலை முடிந்து அடையாறில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்வேன்.

என் வேஷம் பிரீஸ்ட். பெயர் கபாலி, மயிலாப்பூர்க்காரன் வேறு என்ன வைப்பான்? லெவல் 86. அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்ப்பதும் இறந்தவர்களை எழுப்புவதும் என் வேலை. ஆறேழு பேர் கொண்ட எங்கள் கூட்டத்தில் பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன் இருந்தான். பரீட்சை நெருங்கியதால் இரண்டு மாதம் வரமாட்டேன் என்று, தன்னிடமிருந்த கோஸ்ட்ரிங் கார்டை என்னிடம் கொடுத்து வைத்தான். "அண்ணே, பத்திரம்" என்று மட்டும் சொன்னான்.

ஒரு நாள் வழக்கமான இடம் கிடைக்காமல் வேறு சென்டருக்குப் போனேன். அவசரத்தில் பாஸ்வேர்டை அடித்து, ஒரு மணி நேரம் ஆடிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து உள்ளே போனால், கபாலி பிரான்டெரா நடுத்தெருவில் ஒன்றுமில்லாமல் நிற்கிறான். கவசம் இல்லை, காசு இல்லை, கோஸ்ட்ரிங்கும் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் யாரோ கீலாகர் போட்டு வைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். நாம் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் ரகசியமாகப் பதிந்து வைக்கும் புரோகிராம் அது. திரையில் பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் கீலாகருக்குப் புள்ளி கிடையாது, எழுத்துதான். அதோடு, எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தேன். ராத்திரியோடு ராத்திரியாக மெயில் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. தவறு முழுக்க என்னுடையது.

பரீட்சை முடிந்து வந்த பையனிடம் சொன்னேன். அவன் திட்டவில்லை. "பரவால்லண்ணே" என்று டைப் செய்துவிட்டு வெளியேறினான். அப்புறம் எங்கள் கூட்டத்துக்கு வரவே இல்லை. என்னுடைய மூன்று மாத உழைப்பு போனது இன்று மறந்துவிட்டது. அந்த ஒற்றை வரி மறக்கவில்லை.

சில ஆண்டுகளில் இந்திய சர்வரும் மூடப்பட்டது. சர்வரை நிறுத்தினால் அதிலுள்ள வீரர்கள் எல்லாரும் போய்விடுவார்கள். கிளையன்ட் சி.டி. பீரோவில் பத்திரமாக இருந்து பயனில்லை. இது பழங்கதை மட்டும் அல்ல. 2014-ல் வந்த தி க்ரூ என்ற கார் கேமின் சர்வர்கள் 2024-ல் நிறுத்தப்பட்டபோது, விலை கொடுத்து வாங்கியவர்களாலும் ஆட முடியாமல் போனது. அதையொட்டி ஐரோப்பாவில் கிளம்பிய கோரிக்கைக்கு 2025-ல் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது.

மூடிய கேமை ஆட "பிரைவேட் சர்வர்" என்று சிலர் சொல்வார்கள். உரிமம் இல்லாமல் யாரோ வீட்டில் நடத்துவது. அவர்கள் தரும் கிளையன்ட்டோடு என்னென்ன சேர்ந்து வரும் என்று உங்களால் சொல்ல முடியாது. புதுக் கம்ப்யூட்டரில் அந்தச் சோதனை வேண்டாம். மாடி வீட்டுக்காரரின் வைரஸ் கேள்விக்கு இதுதான் பதில். கேமினால் வைரஸ் வராது. கேமை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

வீட்டோடு இருக்கும் வீரன்

அப்படியானால் பையனுக்கு என்ன போட்டுக் கொடுப்பது? ஓடின், தோர் வேண்டும் என்கிறான். நான் சொன்னது வால்ஹெய்ம். ஸ்வீடனில் அயர்ன் கேட் என்ற சிறு குழு செய்தது, 2021-ல் வந்தது. ஒன்பது உலகங்கள் போக ஓடின் ஒதுக்கி வைத்த பத்தாவது உலகம் என்று கதை. காடு வெட்டி, வீடு கட்டி, பிழைத்துக் கிடப்பதுதான் பெரும்பகுதி. பத்து பேர் வரை சேர்ந்து ஆடலாம். ஹார்ட் டிஸ்க்கில் சுமார் 1 ஜி.பி. இடம் போதும். ஆனால் 8 ஜி.பி. ரேமும் தனி கிராபிக்ஸ் கார்டும் தேவை. ஆபீஸ் வேலைக்கு வாங்கிய கம்ப்யூட்டரில் திணறும்.

இதில் உலகமும் வீரனும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே சேமிக்கப்படலாம். கிளவுடுக்குப் பதில் லோக்கல் என்று வைத்துக்கொண்டால், சி டிரைவில் யூசர்ஸ், அதில் உங்கள் பெயர், பிறகு ஆப்டேட்டா, லோக்கல்லோ, அயர்ன்கேட், வால்ஹெய்ம் என்று போல்டர்களைத் திறந்துகொண்டே போங்கள். ஆப்டேட்டா கண்ணில் படாவிட்டால் பைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஹிடன் ஐட்டம்ஸ் கிளிக் செய்யுங்கள். கடைசி போல்டரை அப்படியே காப்பி செய்து பென் டிரைவில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இங்கே பாங்க் நீங்கள்தான். கம்ப்யூட்டரை பார்மட் செய்தால் பேரேடே போய்விடும் என்பதால் மாதம் ஒரு முறையாவது இதைச் செய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போய் எல்லாம் போட்டுக் கொடுத்தேன். பாஸ்வேர்டைப் பையனே யோசித்து வைத்தான். நானும் அவன் அப்பாவும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டோம். வீரனுக்கு என்ன பெயர் வைப்பது என்று என்னைக் கேட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் யோசித்துவிட்டு "கபாலி" என்று அவனாகவே டைப் செய்தான்.