முகர்ரர்! இன்னொரு தடவை சொல்லுங்க!

நம்ம வாணியம்பாடி, முஷாயிரா என்னும் உருதுக் கவியரங்கத்துக்குப் பேர் போன ஊர். அங்கே கவிஞர் மட்டுமல்ல, கேட்பவர்களும் குரல் கொடுப்பார்கள். முதல் அடியைச் சொன்னதும் கூட்டமும் அதைத் திருப்பிச் சொல்லும். இரண்டாம் அடி பிடித்துவிட்டால் "வாஹ் வாஹ்! முகர்ரர்!" என்பார்கள். முகர்ரர் என்றால் 'இன்னொரு தடவை'. இந்தப் பாராட்டுக்குப் பெயர் 'தாத்'.

இதில் என்ன விசேஷம்? எந்த அடி நல்லா இருந்ததோ, அந்த அடிக்கே பாராட்டு! எது மனதைத் தொட்டது என்று கவிஞருக்கு உடனே தெரிந்துவிடும்.

இங்கே இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் கவிக்கோ அப்துல் ரகுமான் (1937–2017). 'ஆலாபனை' நூலுக்கு 1999-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். உருதுக் கஜல் வடிவத்தில் தமிழில் எழுதினார். கவிதை வடிவத்தையே வாங்கிக்கொண்ட நாம், பாராட்டும் முறையையும் வாங்கிக்கொள்ளலாமே?

இந்தச் சுவர்ப் பத்திரிகையில் ஒருவர் முதல் தடவை எழுதினால் நாம என்ன சொல்றோம்? "எங்கே காப்பி அடிச்சே?" இதைக் கேட்டவர் மறுபடி பேனாவைத் தொடுவாரா? இல்லாவிட்டால் "சூப்பர்!" அதில் எது சூப்பர் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இனிமேல் எழுதியவரிடம் போய், பிடித்த வரியைச் சொல்லிக் காட்டுவோம். "அடுத்த மாசமும் எழுதுப்பா" என்போம். நாம் சொல்லும் ஒரு 'முகர்ரர்', அவரை இன்னொரு தாள் எடுக்க வைக்கும்!