சாய்ப்பும் மாடியும்

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள குச்சனூரில் முன்பு வீடு பக்கவாட்டில் வளர்ந்தது. மகனுக்குக் கல்யாணம் என்றால் கொல்லைப் பக்கம் ஒரு சாய்ப்பு இறக்குவார்கள். பழைய கூரையின் சரிவை அப்படியே நீட்டி, கால் நட்டு, மூங்கில் பரப்பி, நாட்டு ஓட்டை அடுக்கினால் ஓர் அறை ஆயிற்று. சரிவு முடியும் இடத்தில் ஆறடி உயரம்கூட மிஞ்சாது. புது மருமகள் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். வரைபடம் என்பது கொத்தனார் தரையில் குச்சியால் கிழித்த கோடு. ஒன்பதடி ஆகாது, பத்தடி ஆகும் என்று மனையடிக் கணக்கு சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

இன்று வீடு மேல்நோக்கி வளர்கிறது. பாகம் பிரித்துப் பிரித்துக் கொல்லை காணாமல் போனதால் வேறு வழியும் இல்லை. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளத்துக்கு மேல் ஒரு மாடி மட்டும் என்றால், 2024 ஜூலை முதல் சுயசான்று கொடுத்து இணையத்திலேயே அனுமதி வாங்கிவிடலாம்.

மாறாதது பருவம்தான். பெரியாற்றுத் தண்ணீர் வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கருக்குத் திறக்கப்படும். வாய்க்காலில் நீர் ஓடத் தொடங்கினால் நஞ்சையை ஒட்டிய மனைகளில் ஊற்று எடுக்கும். அடித்தளத்துக்கு வானம் பறிக்கும் வேலையை அதற்குள் முடித்துவிடுவதே நல்லது. ஆடியில் யாரும் வேலை தொடங்குவதில்லை. தொடங்க நினைத்தாலும், ஊரிலுள்ள சனீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டம் திரளும் ஆடிச் சனிக்கிழமைகளில் எம்-சாண்ட் லாரி தெருவுக்குள் நுழைய முடியாது.

பழையதோடு புதியதைச் சேர்ப்பதில்தான் சிக்கல். ஒன்றரை அடி மண்சுவர் ஓட்டுக்கூரையைத் தாங்கும். கான்கிரீட் தளத்தையும் மாடியையும் தாங்கும் என்று எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போட மாட்டார். அதனால் சுவருக்குப் பக்கத்திலேயே தனி அடித்தளம் போட்டு ஒன்பது அங்குலத் தூண்களை எழுப்புகிறார்கள். பெரியாறு அணைக்கும் இப்படி ஒரு சேர்ப்பு வேலை நடந்தது. 1895-இல் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த அந்தச் சுண்ணாம்பு, சுர்க்கி (செங்கல் தூள்) அணைக்கு 1979-க்குப் பிறகு மேலே கான்கிரீட் போர்வை போட்டார்கள், துளையிட்டு எஃகு வடங்களை இறக்கினார்கள், பின்புறம் கான்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். 136 அடியாகக் குறைத்திருந்த நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்த உச்ச நீதிமன்றம் 2014-இல் வழிவிட்டது. அணையில் பழசும் புதுசும் சேர்ந்து சுமக்க வேண்டும். வீட்டில் நேர்மாறு. பழைய சுவர் எப்போதோ அமர்ந்துவிட்டது, புதிய தூண் இனிமேல்தான் அமரும். ஆகவே நடுவில் ஓர் அங்குலம் விட்டுத் தெர்மாகோல் வைக்கச் சொல்வார்கள். கொத்தனாருக்கு இடைவெளி விடுவது பிடிக்காது. சிமெண்ட் பூசி மூடிவிடுவார்; அடுத்த கோடையில் அதே இடத்தில் மயிரிழை விரிசல் ஓடும்.

கிடைத்தது சிறிதல்ல. மருமகளுக்குத் தாழிட ஒரு கதவும், அறையோடு சேர்ந்த கழிப்பறையும் கிடைத்தன. மழைக்கு முன் கூரையேறி ஓடு மாற்றும் வேலை ஒழிந்தது. அந்த வேலையை நினைத்து ஏங்குபவர் அதைச் செய்யாதவராகத்தான் இருப்பார். போனதில் குளிர்ச்சியை எல்லோரும் சொல்கிறார்கள். மே மாத வெயிலை உறிஞ்சிய தளம் நள்ளிரவுவரை அனல் விடுகிறது. நான் பெரிதாக நினைப்பது வேறு. சாய்ப்பைப் பிரிக்க முடிந்தது. அண்ணன் தம்பி பாகம் கேட்டால் ஓட்டை எண்ணி, நிலையைப் பெயர்த்து, விட்டத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வேறிடத்தில் வீடாக்கினார்கள். மண்சுவர் மழையில் கரைந்து மறுபடி கொல்லையானது.

கான்கிரீட் தளத்தை அப்படிப் பிரிக்க வழியில்லை. உடைத்தால் மிஞ்சுவது எடைக்குப் போடும் கம்பி மட்டும். அதனால் இப்போது பாகப்பத்திரம் நீண்டுவிட்டது. கீழ்வீடு அண்ணனுக்கு, மேல்வீடு தம்பிக்கு என்பதோடு, வெளிப்படிக்கட்டில் ஏறி இறங்கும் பாத்தியம், மொட்டைமாடியில் துணி காயப்போடும் பாத்தியம், கீழே உள்ள போர் மோட்டாரிலிருந்து தண்ணீர் ஏற்றும் பாத்தியம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதி வாங்குகிறார்கள்.