எண்ணெய்த் தாங்கிகளின் அயலில் மின் ஊர்திகள்

சீனன்குடாவில் காடு சூழ நிற்கும் எண்ணெய்த் தாங்கிகள் பிரித்தானியக் கடற்படைக்கென எழுப்பப்பட்டவை. கப்பல்கள் நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறியமையே அவை தோன்றக் காரணம். அன்று கரி அள்ளிய கைகளுக்கு வேலை போயிற்று. எண்ணெய்ப் பொறியறிந்த கைகள் தேவைப்பட்டன. இன்று மற்றொரு மாற்றம் வந்துள்ளது. 2020இல் தடைப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதும் மின் ஊர்திகள் இலங்கை வீதிகளில் பெருகலாயின. கொட்டியாரக் குடாவின் மறுகரையில், சம்பூரில், 120 மெகாவாற்றுச் சூரிய மின் நிலையப் பணி அதே ஆண்டு ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்டது. ஊர்தி வந்தது, மின்சாரமும் வரும். பழுது பார்ப்போர் யாவர்?

பெற்றோல் வண்டியின் மின்கலம் 12 வோல்ற்று. தொட்டாலும் உயிருக்குத் தீங்கில்லை. மின் மோட்டார் வண்டியிலோ 300, 400 வோல்ற்று நேரோட்டம் உறைகின்றது. சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டாலும் மின்கலத் தொகுதியுள் அவ்வழுத்தம் அடங்குவதில்லை. இணைப்பைத் துண்டித்து, சில நிமிடம் பொறுத்து, மானியால் அளந்து பார்த்த பின்னரே, காப்புக் கையுறையுடன் கை வைத்தல் வேண்டும். வாகனத் திருத்துநர் பொறியை அறிவார். வீட்டு மின் வேலை செய்பவர் ஆடலோட்டத்தை அறிவார். இவ்வேலையோ இருவருக்கும் நடுவே கிடக்கின்றது.

வீட்டில் மின்னேற்றுவதும் எளிதன்று. இலங்கையில் சாதாரண வீட்டிணைப்பு 30 அம்பியர். 7 கிலோவாற்று மின்னேற்றி ஒன்றே அம்முழு அளவையும் உறிஞ்சிவிடும்; பின்னர் நீர்ப்பம்பி எவ்வாறு இயங்கும்? 13 அம்பியர்க் குதையில் செருகி இரவு முழுதும் ஏற்றினால், தளர்ந்த பழைய மூட்டு சூடேறிக் கருகும். ஊர்தியிலிருந்து கசியும் நேரோட்டம் சாதாரணக் கசிவு ஆளியைச் செயலிழக்கச் செய்வதும் உண்டு. இதைப் பலர் அறியார்.

கைதேர்ந்தோர் குறைந்தமைக்கு மற்றொரு காரணம் புலப்பெயர்வு. பொருளாதார நெருக்கடி மிகுந்த 2022ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றனர். மின் தொழிலாளரும் அவர்களுள் அடங்குவர். எஞ்சியோரிற் பலர் தந்தையிடமோ மாமனிடமோ தொழில் பயின்றவர்கள், சான்றிதழ் அற்றவர்கள். அவர்களது அனுபவத்தைச் சோதித்துத் தேசியத் தொழிற்றகைமை வழங்கும் முறை நாட்டில் உண்டு. ஆயின் அது பழைய திறமைக்குச் சான்றேயன்றிப் புதிய பயிற்சியன்று. நேரோட்டத்தையும் மின்கலத் தொகுதியையும் தமிழில் கற்பிக்கும் கூடம் அருகில் இருப்பின், அன்றாடக் கூலியை இழந்து தொலைவு செல்லாமலே அவர்கள் வருவர். அதுவரை மின்னேற்றி வாங்குவோர், மின்மானிப் பலகையிலிருந்து தனிச் சுற்று இழுத்து, புவித்தொடுப்பை அளந்து காட்டுபவரிடமே வேலையை ஒப்படைத்தல் நன்று.