சிக்கனமும் செல்லப் பிராணியும்

பணம் உள்ளவனுக்கே நாய் வளர்க்கும் தகுதி உண்டு என்பர் சிலர். அன்பு இருந்தால் போதும், பணம் எதற்கு என்பர் வேறு சிலர். இரண்டும் பாதி உண்மைகளே. நடைபாதையில் தேநீர் விற்பவர் தம் நாயை நோய் நொடியின்றி வளர்ப்பதுண்டு. மாடி வீட்டு நாய், உரிய காலத்தில் ஒரு தடுப்பூசி போடாத காரணத்தால் மடிவதும் உண்டு. ஆகவே, கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது மட்டும் கேள்வி அன்று. இருக்கிற பணம் எந்த வரிசையில் செலவாகிறது என்பதே பெரிய கேள்வி.

ஊரை விட்டு வந்து வடநாட்டில் பயிலும் நம்மில் பலர், மூவர் நால்வராகச் சேர்ந்து வாடகை அறையில் தங்கியிருக்கிறோம். வீட்டிலிருந்து வரும் பணமும் உதவித்தொகையும் மாதக் கடைசி வரை வருவதே அரிது. இந்நிலையில் மழைக்கு ஒதுங்கிய பூனைக்குட்டியோ, தாயை இழந்த நாய்க்குட்டியோ அறைக்குள் வந்து சேர்கிறது. முதல் வாரத்திலேயே கழுத்துப் பட்டை, மணி, மெத்தை, பொம்மை என்று கைப்பணம் கரைகிறது. ஆறாம் வாரம் அது சுருண்டு படுத்து வாந்தி எடுக்கும்போது மருத்துவருக்குக் கொடுக்கக் காசு இல்லை. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பது இதுதான். இதைத் தவிர்க்கும் வழி யாது?

முதற் செலவு: தடுப்பு

கையில் வரும் முதல் ரூபாய் தடுப்பூசிக்கு உரியது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. மரணம் ஏறத்தாழ உறுதி. மனிதருக்கு இந்நோய் வருவதில் 100க்கு 99 பங்கு வரை நாய்களின் வழியாகவே என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டரின் தடுப்பு மருந்து ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. 1907இல் நம் நீலகிரிக் குன்னூரிலும் அவர் பெயரால் ஒரு நிலையம் எழுந்தது. இவ்வளவு காலத்திற்குப் பின்னும் இந்நோயால் நம் நாட்டில் மக்கள் இறக்கிறார்கள் என்றால், மருந்து இல்லாமையால் அன்று; உரிய காலத்தில் போடாமையால்.

நாய்க்குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் இந்த ஊசியைப் போட வேண்டும். மருத்துவர் குறிக்கும் நாளில் மறு ஊசியும், அதன்பின் அவர் சொல்லும் முறைப்படி ஆண்டுதோறும் ஊசியும் வேண்டும். பூனைக்கும் இது தேவையே. ஜூலை 6 விலங்குவழி நோய்கள் பற்றிய உலக நாள்; பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். இவ்விரு நாட்களிலும் பல ஊர்களில் கால்நடை மருத்துவமனைகள் இலவசமாகவே ஊசி போடுகின்றன. அத்தேதிகளை நாட்காட்டியில் குறித்துக் கொள்வதற்குச் செலவு ஏதும் இல்லை.

அடுத்தது பார்வோ. 1978இல் உலகெங்கும் பரவிய இந்த வைரஸ், குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சலை உண்டாக்கிச் சில நாட்களில் கொன்றுவிடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசியும், பின்னர் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பதினாறு வாரம் வரை மறு ஊசிகளும் போடுவது வழக்கம். ஊசிக்கு ஆவது சில நூறு ரூபாய். நோய் வந்தபின் நாட்கணக்கில் நரம்பு வழியே நீர் ஏற்றுவதற்குப் பல ஆயிரம் ஆகும். அப்படியும் பிழைப்பது உறுதியன்று.

குடற்புழு மருந்து இன்னும் மலிவானது. குட்டிப் பருவத்தில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறையும், வளர்ந்தபின் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், எடைக்குத் தக்கபடி கொடுக்க வேண்டும். சில புழுக்கள் நாயிடமிருந்து மனிதருக்கும் வருவதால், இது அறைத் தோழர்களின் நலமும் ஆகும்.

உண்ணியைத் தேடிப் பிடிப்பதற்கோ காசே தேவையில்லை. மழைக்காலத்தில் நாள்தோறும் காதின் உட்புறம், கழுத்து, விரலிடுக்கு ஆகிய இடங்களைத் தடவிப் பார்த்தால் போதும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா நோய் இரத்தத்தை வற்றச் செய்யும். அதைப் பிந்திக் கண்டால் செலவும் பெரிது, ஆபத்தும் பெரிது.

உணவில் சிக்கனம்

விலை உயர்ந்த பொட்டலத் தீனிதான் நாய்க்கு நல்லது என்று எண்ண வேண்டியதில்லை. ஓநாயைக் காட்டிலும் நாய்க்கு மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் மிகுதி என்பதை 2013இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. மனிதனோடு சேர்ந்து தானியம் உண்டு பழகிய இனம் அது. வெந்த சோறு, அவித்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி, சிறிது காய் ஆகியவை நாய்க்கு ஏற்றவை. ஆனால் வெறும் தயிர்ச்சோற்றில் வளரும் குட்டிக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறையும். ஆதலின் வீட்டு உணவோடு சாதாரண விலையுள்ள தீனியையும் கலந்து கொடுப்பது நடுத்தர வழி. எந்த அளவு என்பதை ஊசி போடச் செல்லும்போதே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நம் சமையலில் மிஞ்சுவதை அப்படியே வைப்பது மட்டும் ஆகாது. வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கும். ஆகவே வெங்காய சாம்பார் அவற்றுக்கு உணவன்று. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். சாக்லேட்டும் நஞ்சு. வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

பூனையின் கணக்கு வேறு. அது புலால் உண்டே வாழ வேண்டிய பிராணி. டாரின் என்னும் சத்துக் குறைந்தால் பூனையின் இதயம் வீங்கித் தளரும் என்பதை 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பாலும் சோறும் மட்டும் கொடுத்துப் பூனையை வளர்க்க நினைப்பது சிக்கனம் அன்று. அது மெல்லப் பட்டினி போடுவதாகும்.

கருத்தடை என்னும் சேமிப்பு

பெட்டைப் பூனை ஆறு மாதத்திற்கு முன்பே சினையாகக்கூடும். ஏறத்தாழ 63 நாட்களில் நான்கைந்து குட்டிகள் பிறக்கும். ஒன்றுக்கே திண்டாடும் அறையில் ஆறு வாய்களுக்கு எங்கே போவது? கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்கு நடுவயதுக்கு மேல் கருப்பையில் சீழ் கட்டும் நோய் வருவதுண்டு. அப்போது அவசர அறுவைச் சிகிச்சை இல்லையேல் உயிர் தங்காது. அந்தச் செலவோடு ஒப்பிட்டால் முன்கூட்டியே செய்யும் கருத்தடை மிக மலிவு. விலங்கு நலச் சங்கங்கள் பல குறைந்த கட்டணத்தில் இதைச் செய்கின்றன.

கூடாத சிக்கனம்

சில இடங்களில் மிச்சம் பிடிப்பது உயிருக்கே உலை வைக்கும். காய்ச்சல் என்றால் நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. இப்யூபுரோஃபன் நாய்க்கும் தீங்கு. நாய்க்கென விற்கும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. மருத்துவரின் கட்டணத்தை மிச்சப்படுத்த எண்ணி நம் மருந்துப் பெட்டியைத் திறத்தல் கூடாது.

நாயோ பூனையோ கடித்தால், சொந்தப் பிராணிதானே என்று இருந்துவிடவும் கூடாது. காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே இந்தத் தடுப்பூசி இலவசம்.

மருத்துவரிடம் கூச்சம் எதற்கு?

கையில் உள்ள தொகையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "ஐயா, எங்களிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் முதலில் செய்ய வேண்டியது எது?" என்று கேட்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை. எந்தச் சோதனை இன்றே வேண்டும், எது நாளை வரை பொறுக்கும் என்று மருத்துவர் பிரித்துச் சொல்வார். அரசு கால்நடை மருத்துவமனைகளிலும், கால்நடைக் கல்லூரிகளை ஒட்டிய மருத்துவமனைகளிலும் கட்டணம் குறைவு. தில்லி தீஸ் ஹஸாரியில் அரசு மருத்துவமனை உண்டு. பரேலி அருகே இஜத்நகரில் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையமும், கல்கத்தாவின் பெல்காச்சியாவிலும் பெங்களூர் ஹெப்பாளத்திலும் கால்நடைக் கல்லூரிகளும் உள்ளன. நோய் வருமுன்பே அருகிலுள்ள மருத்துவமனையின் முகவரியையும் வேலை நேரத்தையும் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

அறையில் ஓர் உண்டியலும் வையுங்கள். நால்வர் மாதம் ஐம்பது ரூபாய் வீதம் போட்டாலும் ஆண்டில் 2,400 ரூபாய் சேரும். திடீரென்று நோய் வரும் இரவில் அந்தத் தொகைதான் தைரியம் தரும்.

எவ்வளவு செலவிட்டும் தீராத நோய்களும் உண்டு. அப்போது கடன் வாங்கி வேதனையை நீட்டிப்பதே அன்பு என்று கருத வேண்டாம். வலியின்றி விடைபெறச் செய்யும் முடிவை, மருத்துவர் அறிவுரைப்படி, அருகில் இருந்து எடுப்பதும் அன்பே ஆகும்.

ஏற்குமுன் எண்ணுக

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது நம் பழமொழி. பனிநாட்டு ஹஸ்கி நாயைத் தில்லியின் மே மாத வெயிலில் வளர்ப்பது யானையைக் கட்டித் தீனி போடுவது போலாகும். மூக்கு சப்பையான பக் நாய்க்கு மூச்சுத் தொல்லை உடன்பிறந்தது. நம் நாட்டு நாயோ இந்த வெயிலுக்கே பிறந்தது.

காலக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நம் படிப்பு இரண்டு அல்லது மூன்று ஆண்டு. நாயோ பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும். பூனை பதினைந்து ஆண்டும் வாழும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது யார் பார்த்துக்கொள்வார்? பட்டம் பெற்றபின் யார் அழைத்துச் செல்வார்? இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சென்னைக்கு இரயிலில் நாயைக் கொண்டுசெல்ல வேண்டுமானால், முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் பதிவு செய்ய வேண்டும். அல்லது கார்டு பெட்டியிலுள்ள நாய்க் கூண்டில் அனுப்ப வேண்டும். இச்செலவையும் தொடக்கத்திலேயே பேசி, பொறுப்பாளர் ஒருவரை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வளர்த்த பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 1960இல் அச்சட்டம் பிறப்பதற்கு, மாநிலங்களவையில் முதற்குரல் எழுப்பிய மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் பெரிதும் காரணமாவார். 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

தோழர்களே, ஏழ்மை குற்றமன்று. பட்டும் மணியும் பூட்டாத நாய் நம்மை எள்ளி நகைப்பதில்லை. ஊசி, உணவு, கருத்தடை, உண்டியல், அதன்பின் எஞ்சினால் அலங்காரம் என்ற வரிசையைக் காத்தால் குறைந்த வருவாயிலும் ஓர் உயிரை முறையாகக் காக்கலாம். அவ்வளவும் இயலாது என்று கணக்கு சொன்னால், அதை நேர்மையோடு ஒப்புக்கொண்டு, இயன்றவர் கையில் அக்குட்டியைச் சேர்ப்பித்துவிடுங்கள். அதுவும் அதற்குச் செய்யும் பேருதவியே.