அரசியல் பரபரப்பு நாவல்: புதிய எழுத்தாளர்களைக் கண்டறியும் வழிகள்

அரசியல் பரபரப்பு நாவல் என்பது ஆட்சி அதிகாரத்தைக் கைப்பற்றவோ, தக்கவைக்கவோ, கவிழ்க்கவோ நடைபெறும் மறைமுக முயற்சிகளை மையமாகக் கொண்ட புனைகதை வகையாகும். இது அரசியல் த்ரில்லர் என்றும் அழைக்கப்படுகிறது. சதி, உளவு, கொலை முயற்சி, ஆட்சிக் கவிழ்ப்பு ஆகியன இதன் வழக்கமான கருப்பொருள்கள். துப்பறியும் கதை "யார் செய்தது?" என்று கேட்கும், இவ்வகை நாவல் "இதனால் அதிகாரம் யாருக்குப் போகிறது?" என்று கேட்கும்.

இவ்வகையை விரும்பும் வாசகர் பலர் இரண்டு மூன்று புகழ்பெற்ற பெயர்களோடு நின்றுவிடுகின்றனர். நூலகங்களில் நாவல்கள் பெரும்பாலும் ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்கப்படுவதால், பெயர் தெரியாத எழுத்தாளர் கண்ணில் படுவதில்லை. பின்னட்டையில் உள்ள புகழுரையும் விளம்பரமே. எனவே, தமக்குப் பிடித்த நாவலில் எந்தக் கூறு தம்மை ஈர்த்தது என்று வாசகர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அக்கூறைப் பின்தொடர்ந்தால் அடுத்த எழுத்தாளர் கிடைப்பார்.

உட்பிரிவைக் கொண்டு தேடுதல்

உளவு: எர்ஸ்கின் சில்டர்ஸ் எழுதிய 'தி ரிடில் ஆஃப் தி சாண்ட்ஸ்' (1903) இப்பிரிவின் முன்னோடிகளுள் ஒன்று. எரிக் ஆம்ப்ளரின் 'தி மாஸ்க் ஆஃப் டிமிட்ரியாஸ்' (1939), ஜான் லெ காரேயின் 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' (1963), மிக் ஹெரனின் 'ஸ்லோ ஹார்சஸ்' (2010) ஆகியவை பின்னர் வந்தவை. லெ காரேயை விரும்புவோர் பின்னோக்கி ஆம்ப்ளரிடமும், முன்னோக்கி ஹெரனிடமும் செல்லலாம்.

ஆட்சிக் கவிழ்ப்பு: ஃப்ளெட்சர் நெபல், சார்லஸ் பெய்லி இருவரும் இணைந்து எழுதிய 'செவன் டேஸ் இன் மே' (1962), அமெரிக்க இராணுவத் தலைமையே குடியரசுத் தலைவரை அகற்றத் திட்டமிடுவதைச் சொல்கிறது.

நாடாளுமன்றப் போட்டி: ஆலன் ட்ரூரியின் 'அட்வைஸ் அண்ட் கன்சென்ட்' (1959) அமெரிக்க செனட் சபையைக் களமாகக் கொண்டது, 1960-இல் புலிட்சர் பரிசு பெற்றது. மைக்கேல் டாப்ஸின் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' (1989) பிரிட்டன் ஆளுங்கட்சிக்குள் நடக்கும் பதவிப் போட்டியைப் பேசுகிறது.

மாற்று வரலாறு: ராபர்ட் ஹாரிஸின் 'ஃபாதர்லேண்ட்' (1992), இரண்டாம் உலகப்போரில் ஹிட்லர் வென்றிருந்தால் 1964-இல் ஜெர்மனி எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனையில் அமைந்தது.

எழுத்தாளரின் முன்தொழிலைக் கொண்டு தேடுதல்

இத்துறையின் சிறந்த எழுத்தாளர் பலர் அதிகாரத்தை அருகிலிருந்து பார்த்தவர்கள். லெ காரே பிரிட்டன் உளவுத்துறையில் பணியாற்றினார். ஃபிரெடரிக் ஃபோர்சைத் ராய்ட்டர்ஸ் செய்தியாளராகப் பாரிஸில் இருந்தார். ட்ரூரி செனட் செய்திகளைச் சேகரித்த பத்திரிகையாளர். டாப்ஸ் கன்சர்வேடிவ் கட்சியின் உயர்பொறுப்பில் இருந்தவர். பாகிஸ்தான் எழுத்தாளர் முகமது ஹனீஃப் அந்நாட்டு விமானப்படையில் பயிற்சி பெற்றுப் பின் பத்திரிகையாளர் ஆனவர்.

இத்தாலியின் லியனார்டோ ஷாஷா சிசிலித் தீவில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தார். அவருடைய 'தி டே ஆஃப் தி ஔல்' (1961) நாவலில், ஒரு கொலையை விசாரிக்கும் காவல் அதிகாரி மாஃபியாவுக்கும் அரசியல்வாதிகளுக்கும் உள்ள பிணைப்பைக் கண்டறிகிறார். ஆனால் வழக்கு நிலைக்காமல் போகிறது. குற்றவாளி யார் என்று தெரிந்தும் தண்டிக்க முடியாத நிலையே இக்கதையின் அச்சம்.

இது கட்டாய விதியன்று. 'தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்' (1984) எழுதிய டாம் கிளான்சி காப்பீட்டு முகவர். நூல்களைப் படித்தே கடற்படை நுட்பங்களை அறிந்தவர்.

உண்மை நிகழ்வைக் கொண்டு தேடுதல்

மாணவர்களுக்கு மிகவும் பயனுள்ள வழி இதுவே. கிரேக்க நாடாளுமன்ற உறுப்பினரும் அமைதி இயக்கத்தவருமான கிரிகோரிஸ் லம்பிராகிஸ் 1963 மே மாதம் தெசலோனிகி நகரில் தாக்கப்பட்டு இறந்தார். அதை அடிப்படையாகக் கொண்டு வசிலிஸ் வசிலிகோஸ் 'இசட்' என்ற நாவலை எழுதினார். கிரேக்க மொழியில் அவ்வெழுத்து "அவர் வாழ்கிறார்" என்பதைக் குறிக்கும் முழக்கமாக இருந்தது. 1967-இல் அந்நாட்டில் இராணுவ ஆட்சி வந்தது. 1969-இல் கோஸ்டா கவ்ராஸ் இயக்கிய திரைப்படம் இக்கதையை உலகறியச் செய்தது. மூடி மறைக்க முயன்ற ஒரு கொலையை ஒரு நாவல் மறக்கவிடாமல் காத்தது.

1988 ஆகஸ்ட் 17-இல் பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக் விமான விபத்தில் இறந்ததை ஹனீஃபின் 'எ கேஸ் ஆஃப் எக்ஸ்புளோடிங் மேங்கோஸ்' (2008) அங்கதமாகக் கையாள்கிறது. பிரான்சின் டிரைஃபஸ் வழக்கை ஹாரிஸின் 'ஆன் ஆஃபிசர் அண்ட் எ ஸ்பை' (2013) எடுத்துக்கொள்கிறது. தமிழில் இதற்கு இணையாக, ஆதித்த கரிகாலன் கொலையைச் சுற்றிக் கல்கி 1950-களில் எழுதிய 'பொன்னியின் செல்வன்' தொடரைச் சொல்லலாம். ஒரு வரலாற்று நிகழ்வு ஆர்வமூட்டினால், அதைப் பற்றி எழுதப்பட்ட நாவல் உண்டா என்று தேடுவது நல்ல பழக்கம்.

விருதுப் பட்டியல்கள்

பிரிட்டன் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் வழங்கும் டாகர் விருதுகளில் பரபரப்பு நாவலுக்கும் மொழிபெயர்ப்பு நாவலுக்கும் தனிப் பிரிவுகள் உள்ளன. அமெரிக்காவில் எட்கர் விருது வழங்கப்படுகிறது. லெ காரேயின் மேற்கண்ட நாவல் இரு நாட்டு விருதுகளையும் பெற்றது. வென்ற நூலை மட்டும் பார்க்காமல் இறுதிப்பட்டியல் முழுவதையும் பார்த்தால், ஓராண்டுக்கு ஐந்தாறு புதிய பெயர்கள் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியவை

இந்நாவல்கள் உண்மையையும் கற்பனையையும் பிரிக்க முடியாதபடி கலப்பவை. ஃபோர்சைத்தின் 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' (1971), பிரெஞ்சு அதிபர் டி கோல் மீது 1962 ஆகஸ்டில் பெட்டி கிளமார் என்னும் இடத்தில் உண்மையாகவே நடந்த கொலை முயற்சியோடு தொடர்புடையது. ஆனால் ஜாக்கல் என்ற கூலிக் கொலையாளி ஆசிரியரின் கற்பனை. நாவலில் படித்ததைத் தேர்வு விடையிலோ கட்டுரையிலோ வரலாறாக எழுதுவதற்கு முன் வரலாற்று நூலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மேலும், யார் பகைவர் என்பதை எழுதப்பட்ட காலமும் நாடும் தீர்மானிக்கின்றன. சில்டர்ஸுக்கு ஜெர்மனி, பனிப்போர்க் காலத்தவருக்குச் சோவியத் ஒன்றியம். எனவே ஒரே களத்தை இருவர் பார்வையில் படிப்பது நல்லது. வியட்நாமைப் பற்றி ஆங்கிலேயரான கிரஹாம் கிரீன் எழுதிய 'தி கொயட் அமெரிக்கன்' (1955), வியட்நாமில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த வியட் தான் நுயென் எழுதிய 'தி சிம்பதைசர்' (2015) ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர், முதல் நூலில் யாருடைய குரல் குறைவாக ஒலித்தது என்பதை இரண்டாவது நூலில் அறியலாம்.