பார் சைக்கிளில் மூன்று மலை!

ஆபீஸில் பக்கத்து ஸீட் நண்பர் சைக்கிளிலேயே கொல்லிமலை ஏறிவிட்டு வந்தார். அன்றிலிருந்து யாருக்கும் நிம்மதி இல்லை. 70 கொண்டை ஊசி வளைவு! வளைவுக்கு ஒரு போட்டோ. நாற்பத்திரண்டாவது வளைவில் தனக்கு மூச்சு வாங்கியதை மட்டுமே இரண்டு டீ நேரத்துக்கு விவரித்தார்.

"அடுத்தது ஊட்டி! கல்லட்டி ரூட்ல 36 வளைவு. நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டவர், என் தொப்பையைப் பார்த்துவிட்டு, "பரவால்ல... விடுங்க" என்று பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊட்டி எதுக்கு சார்? எங்க புதுக்கோட்டையிலயே மலை, பள்ளத்தாக்கு, ஏரி எல்லாம் இருக்கு!"

"ஒங்க ஊர்ல ஸ்பீட் பிரேக்கரைத்தானே மலைம்பீங்க?" என்றார். ஆபீஸே சிரித்தது. பியூன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அன்னவாசல்காரர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு மச்சினனின் கியர் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். 21 கியர். எது எதற்கு என்று மச்சினனுக்கே தெரியாது. திட்டம் இதுதான்: புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல், அங்கிருந்து குடுமியான்மலை, திரும்பி அன்னவாசல் வழியாக நார்த்தாமலை, பிறகு திருச்சி ரோட்டைப் பிடித்து வீடு. மொத்தம் சுமார் 60 கிலோமீட்டர்.

ஊரைத் தாண்டியதும் ரோட்டோரம் கண்மாய்கள். எங்கள் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. மழைதான் கதி. மேல் கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியாக வழிந்து கீழ் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கும் கீழே. ஒரு கண்மாய்க்கு வரும் வாய்க்காலை அடைத்து யாராவது வீடு கட்டினால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அம்பேல்! கார்த்திகை, மார்கழியில் வந்தீர்களானால் இரண்டு பக்கமும் தண்ணீர் தளும்பும். சித்திரையில் வந்தால் கிரிக்கெட் ஆடலாம்.

சித்தன்னவாசல் 16 கிலோமீட்டர். பாறையின் விளிம்பில் வெட்டிய ஏழு படிகளில் கால் வைத்துப் போவதால் அந்தக் குகைக்கு ஏழடிப்பட்டம் என்று பேர். உள்ளே சமண முனிவர்களுக்காகச் செதுக்கிய 17 கல் படுக்கைகள், தலையணை மேடு உட்பட! ஒன்றில் தமிழ் பிராமி எழுத்து. கொஞ்சம் தள்ளி அறிவர் கோயில். அதன் விதானத்தில் தாமரைக் குளம் ஓவியம். மீன், அன்னம், யானை, பூப்பறிக்கும் ஆள்... ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் வற்றாத குளம் மாவட்டத்திலேயே அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து குடுமியான்மலை ரோட்டில் திரும்பியபோதுதான் அந்தச் சம்பவம். முழங்கால் 'விண் விண்' என்று தெறிக்க நான் மிதித்துக்கொண்டிருந்தேன். பின்னால் 'கிணிங் கிணிங்'. திரும்பினால் ஒரு பெரியம்மா. அறுபதை நெருங்கும் வயசு. கேரியரில் புல்லுக்கட்டு. ஓட்டுவது பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிள். அசால்ட்டாக என்னைத் தாண்டிப் போனவர், வேகத்தைக் குறைத்து என் பக்கமாக வந்தார்.

"தம்பி, ஸீட்டு ரொம்ப எறக்கமா கெடக்கு. கொஞ்சம் ஏத்தி வச்சு மிதிங்க. முட்டி வலிக்காது."

இறங்கி ஏற்றினேன். வலி பாதியாகக் குறைந்தது! 21 கியர் செய்யாததைப் புல்லுக்கட்டு செய்துவிட்டது.

"நீங்க எங்கம்மா சைக்கிள் கத்துக்கிட்டீங்க?"

"அறிவொளியில" என்றார். ஒரே வார்த்தை. போய்விட்டார்.

இளசுகளுக்கு விஷயம் தெரிந்திருக்காது. 1991-ல் இங்கே ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது. எழுதப் படிக்கச் சொல்லித்தரத்தான் வந்தார்கள். ஆனால், பொம்பளைங்க வகுப்புக்கு வர வேண்டுமே, சொல்லித்தர அடுத்த ஊருக்குப் போக வேண்டுமே... பஸ்ஸை நம்பினால் நடக்குமா? சைக்கிளும் பாடத்தில் சேர்ந்தது. 1992 பெண்கள் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, பெல் அடித்தபடி புதுக்கோட்டை நகரத்தைக் கலக்கினார்கள். பொது இடங்களில் நடந்த போட்டிகளில் ஓட்டிக் காட்டியவர்கள் மட்டும் 70,000-க்கு மேல் என்று எழுதியிருக்கிறார் பத்திரிகையாளர் பி.சாய்நாத். கடைகளில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. சரி, ஜென்ட்ஸ் சைக்கிளே போதும் என்று வாங்கிவிட்டார்கள். அதிலும் ஒரு வசதி இருந்தது. முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம்!

அப்படி உட்கார்ந்து போன பிள்ளைகளில் நானும் ஒருத்தன். அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு, இருட்டியபிறகு கண்மாய்க் கரையில் அம்மா பழகியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. டீக்கடை பெஞ்சிலிருந்து வந்த விமர்சனங்களும் ஞாபகம் இருக்கிறது. அதெல்லாம் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது! அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்து, "பெல்லு ஒன் பொறுப்பு. விடாம அடி" என்பார்.

குடுமியான்மலை வந்தது. மலையடிவாரத்தில் சிகாநாதசுவாமி கோயில். பின்னால் குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் அந்தப் பிரசித்தி பெற்ற இசைக் கல்வெட்டு. 7-ஆம் நூற்றாண்டு வாக்கில் கிரந்த எழுத்தில் ஸ்வர வரிசைகளை வரிவரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்லில் எழுதிய பாட்டு நோட்டு! இந்தப் பக்கத்துக் கல்குவாரிகளில் உடைத்த பெண்களும் அப்போது சைக்கிள் பழகியவர்கள்தான். குவாரி ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும். நடந்தே பாதிப் பொழுது போகும். சைக்கிள் வந்ததும் அந்த நேரம் அவர்கள் கைக்கு வந்தது.

அன்னவாசலில் நாலு இட்லி (சரி, ஏழு), அப்புறம் நார்த்தாமலை. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகும்போது சிந்திய துண்டுகள் என்பார்கள். சின்னச் சின்னதாக ஒன்பது குன்று. ரெண்டு குன்றுக்கு நடுவில் புகுந்து போவதற்குப் பெயர் கணவாய் என்றால், இதுவும் கணவாய்தான் ஸார்! சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு, மொட்டைப் பாறையில் நடந்து ஏறினால் விஜயாலய சோழீச்சரம். 9-ஆம் நூற்றாண்டுக் கோயில். மலைமேல் ஒரு சுனை. அதன் தண்ணீருக்கு அடியில் குடைந்த சின்னச் சன்னதியில் ஒரு லிங்கம் மூழ்கிக் கிடக்கிறது. தண்ணீரை இறைத்தால்தான் தரிசனம்.

பாறையில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். கண்மாய்கள் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னின. ரோட்டில் புள்ளி புள்ளியாக சைக்கிள்கள், ஸ்கூட்டர்கள். ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். கொல்லிமலை நண்பருக்குக் காட்ட போட்டோ எடுக்கத்தான் ஏறினேன். எடுக்கத் தோன்றவில்லை. வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது.

அம்மாவின் சைக்கிளை நிறுத்தியது டீக்கடை பெஞ்ச் இல்லை. நான்தான். வேலை கிடைத்து பைக் வாங்கிய புதுசில், "இனிமே எதுக்கும்மா சைக்கிள்? ஆபீஸ்ல உள்ளவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றேன். ஊரே கேலி செய்தபோது நிறுத்தாதவர், மறுபேச்சுப் பேசாமல் அன்றைக்கு நிறுத்திவிட்டார். அப்புறம் மார்க்கெட், கோயில், தங்கச்சி வீடு எங்கே போகவும், "தம்பி, சாயங்காலம் வண்டி எடுப்பியா?" என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார். நானும், "பார்க்கலாம்மா" என்பேன்.

மதியம் வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொல்லைப்புறம் போனேன். தென்னமட்டைக்கு அடியில் இருந்தது. செயின் துரு. ரெண்டு டயரும் பஞ்சர். தள்ளிக்கொண்டு போய் மூலைக்கடையில் விட்டேன். ட்யூப், செயின், பிரேக் கட்டை, எண்ணெய்... சாயங்காலம் வாசலில் கொண்டுவந்து ஸ்டாண்ட் போட்டேன்.

அம்மா வெளியே வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் ஸீட்டைத் துடைத்தார். பெடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். பிறகு, கட்டைவிரலால் பெல்லை அழுத்தினார். 'கடக்' என்றது.

"எல்லாம் சரி பண்ணியிருக்க... பெல்ல விட்டுட்டியே. அது ஒன் பொறுப்புல்ல?"